மிண்டி தொடாத டல்சிமர்

மிண்டிக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காக ஓடையில் பனியை உடைத்தவன் நான்தான். கரையில் சபைக்காரர்கள் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். ஒருவருக்காவது கோடாலி கொண்டுவரத் தோன்றியதா என்றால் இல்லை. பிப்ரவரி மாதத்தில் பாப்லர் ஓடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை உறைந்துதான் கிடக்கும் என்பது எங்கள் கெண்டக்கி மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். வெயில் காலம் வரட்டும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று பார்த்தேன். கடைசியில் வீட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்துவந்து, என் பெண்டாட்டி முழுகுவதற்கு நானே குழி வெட்டிக் கொடுத்தேன்.

பிரதர் ஹார்மன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வாரநாளில் சோளம் அரைக்கும் மில்லை ஓட்டுகிறவர், சபை கூடும் நாளில் எங்கள் போதகர். மிண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்பக்கமாகச் சாய்த்து ஒரே முழுக்காக முழுக்கி எடுத்தார். குளிரில் கத்தப்போகிறாள் என்று நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்தாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து துணி மாற்றியதும் அவள் சுவரில் மாட்டியிருந்த டல்சிமரை, மடியில் வைத்து மீட்டும் கம்பி வாத்தியத்தை, இறக்கினாள். சமையலுக்கு இடுப்பில் கட்டும் துணியால் ஒரு முறை துடைத்தாள். சலவை செய்த மாவுச் சாக்கு ஒன்றில் போட்டு வாயைக் கட்டினாள். அலமாரிக்கு மேலே வைத்தாள். பிறகு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு, "உப்புக்கறி போடவா, வெறுமனே வேக வைக்கவா?" என்று கேட்டாள்.

இது நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் சபையில் பாட்டு உண்டு, வாத்தியம் கிடையாது. முழுகி எழுந்தவர்கள் வீட்டிலும் தொடமாட்டார்கள். எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனால் தொடமாட்டார்கள். அதனால்தான் பிடிலோ பாஞ்சோவோ நன்றாக வாசிக்கிறவர்கள் தலை நரைத்து விரல் மடங்காமல் போன பிறகே சபைக்கு வருவார்கள். அதுவரை கர்த்தர் பொறுத்துக்கொள்வார் என்று எல்லோருமே உள்ளுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். மிண்டிக்கோ இன்னும் ஒரு நரைகூட விழவில்லை.

"ஏன் மிண்டி இப்ப? இன்னும் கொஞ்ச வருஷம் கழிச்சுப் போனா கதவைச் சாத்திடுவாங்களா?" என்று கேட்டேன்.

"கர்த்தர் கூப்பிட்டாரு, போனேன்."

"எப்ப கூப்பிட்டாரு? நானும் அன்னைக்கு அங்கதானே இருந்தேன். எனக்குக் கேக்கலையே."

"நீ வெளிய மரத்தடியில உக்காந்து கத்தி மாத்திக்கிட்டு இருந்தே. உனக்கு எப்படிக் கேக்கும்."

அது உண்மைதான். சபையில் சேராத ஆம்பிளைகள் வெளியே மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்போம். குச்சி சீவுவோம், பேனாக்கத்தியைக் கைமாற்றிப் பேரம் பேசுவோம், உள்ளே பாடுவது ஜன்னல் வழியாக வரும். நான் அன்றைக்கு நல்ல கத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு மொக்கைக் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில்தான் உள்ளே மிண்டி பெஞ்சிலிருந்து எழுந்து போய்ப் பிரதர் ஹார்மனிடம் கையைக் கொடுத்திருக்கிறாள். அன்று எனக்கு இரண்டு நஷ்டம்.

அந்த டல்சிமரால்தான் எனக்கு மிண்டி கிடைத்தாள். காட்டில் மேயவிட்ட பன்றி ஒன்று திரும்பி வரவில்லை என்று தேடிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பக்கம் மலையேறினேன். சோளக்கொல்லையைத் தாண்டும்போது காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன். வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தால், வாசல் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் வால்நட் மரத்து டல்சிமர், இடுப்பு ஒடுங்கி, மேல் பலகையில் இதய வடிவத்தில் ஓட்டைகள். மூன்று கம்பி. அதில் இரண்டு எப்போதும் ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். மிச்சம் ஒரு கம்பியில்தான் பாட்டு. இடது கையில் நாணல் குச்சியை வைத்து அந்தக் கம்பியைப் படிப்படியாக அழுத்திக்கொண்டே போகிறாள், வலது கையில் வான்கோழி இறகால் மீட்டுகிறாள். இருட்டும்வரை கொல்லையில் நின்றேன். பன்றி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று வாசித்த மெட்டு அவள் அம்மா வழியில் வந்தது. ஆற்றைக் கடந்து போனவனுக்காகக் கரையில் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டாம். வார்த்தைகள் யாருக்கும் நினைவில்லை, மெட்டு மட்டும் மிச்சம். அது மெல்ல மேலே ஏறும். இதோ உச்சிக்குப் போய்விடும் என்று நாம் நினைக்கும்போது ஒரு படி குறைவாகத் திரும்பிவிடும். அந்த ஒரு படிக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்து, கரியைக் கழுவி, சோள ரொட்டியும் மோரும் சாப்பிட்டுவிட்டு அந்த மெட்டைக் கேட்டுத்தான் நான் உடம்பைச் சாய்த்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

அது நின்றதும் வீடு எப்படி இருந்தது என்று சொல்லி மாளாது. கடிகாரம் ஓடுவது கேட்டது. நான் மெல்லுவது எனக்கே கேட்டது. மிண்டி என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தாள், அது வேறு வயிற்றெரிச்சல். மாதம் ஒரு தடவை சபைக்குப் போய்விட்டு முகம் மலர்ந்து வருவாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "கதவைச் சாத்திக்கலாம் மிண்டி. நாயைக்கூட வெளிய விரட்டிடறேன். ஒரே ஒரு தடவை வாசி."

"யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல வர்றியா?"

"ஆமா."

"எனக்குத் தெரியுமே."

அவள் தம்பி பர்ஜஸ்தான் என் புலம்பலைக் கேட்க வாய்த்தவன். அவன் வீட்டில் பேட்டரி ரேடியோ உண்டு.

"ரேடியோ வாங்கிப்போடு மச்சான்," என்றான். "அது முழுக்கு எடுக்காது."

"ரேடியோ எனக்கு எதுக்குடா. உங்க அக்கா வாசிக்கணும்."

"அவ சின்ன வயசுல அழுதாக்கூட நடுவுல நிறுத்தமாட்டா, முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பா. இதுலயும் அப்படித்தான். நீ கெடந்து ஏங்கு, நான் போறேன்."

அக்டோபரில் சுரங்கத்தில் கூரையிலிருந்து ஒரு பலகைக் கல் பெயர்ந்து என் முழங்காலில் விழுந்தது. தலையில் விழவேண்டியது, தப்பித்தேன். காலை நீட்டிக் கட்டுப்போட்டு, குளிர் காலம் முழுக்க வீட்டில் கிட என்று அனுப்பிவிட்டார்கள். நான் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவன். சீவ வேண்டிய குச்சியை எல்லாம் சீவி முடித்தேன். பின்னே என் கண் அலமாரி மேலேயே போய்ப் போய் நின்றது.

மிண்டி மாடு கறக்கப் போயிருந்த சமயம், துடைப்பக் கட்டையால் தள்ளித் தள்ளிச் சாக்கைக் கீழே இறக்கினேன். டல்சிமரைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன், கட்டுப்போட்ட காலோடு மடியில் வைக்க வழியில்லை. என் மனசில் ஒரு திட்டம் இருந்தது. இதுவரை நான் ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்லை. நான் வாசித்தால் மனுஷன் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதுவும் அவள் அம்மாவின் மெட்டை நான் கொலை செய்வதை மிண்டியால் தாங்கவே முடியாது. ஒரு நாள் பொறுப்பாள், இரண்டு நாள் பொறுப்பாள். பிறகு, "இங்க குடு" என்று பிடுங்கி, இப்படித்தான் என்று ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுவாள். அந்த ஒரு தடவை எனக்குப் போதும்.

அவள் பால் வாளியோடு உள்ளே வந்தபோது நான் ஆரம்பித்துவிட்டேன். குச்சி ஒரு பக்கம் வழுக்கியது, இறகு ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது. மிண்டி வாளியோடு அப்படியே நின்றாள்.

"என்ன பண்றே?"

"பொழுது போகலை. நான் சபைல சேரலையே, நான் தொடலாமில்ல?"

"தாராளமா தொடு," என்று சொல்லிவிட்டுப் பாலை வடிகட்டப் போய்விட்டாள்.

நாட்கள் போயின. நான் வாசித்ததை விவரித்தால் அது உங்களையும் பாதிக்கும், வேண்டாம். நாய் தானாகவே தொழுவத்துக்குக் குடிபோனது. பர்ஜஸ் ஒரு நாள் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டான். "மச்சான், கல்லு உன் முழங்கால்லதானே விழுந்துது? கையிலயும் விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மிண்டி மட்டும் அசையவில்லை. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பாள், நான் மெட்டைக் கெடுக்கும் இடத்தில் கத்தி ஒரு கணம் நிற்கும். மறுபடி சீவத் தொடங்கும். அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் மோசமாக வாசித்தேன்.

முதலில் அவள் வாயைத் திறந்தது சுருதி விஷயத்தில். அடுப்பைப் பார்த்தபடியே, "நடுக் கம்பி இறங்கிப்போச்சு" என்றாள்.

"எவ்வளவு?"

"அது இப்ப இருக்கறதைவிட மேல."

"ஏத்திட்டேன். போதுமா?"

"ம்ஹூம். இன்னும். இன்னும் கொஞ்சம். அங்க நிறுத்து."

ரீங்காரம் சேர்ந்து வந்ததும் மேஜைப் பலகை முழுவதும் அதிர்ந்தது. என் முழங்கை வழியாக உடம்புக்குள் ஏறியது. எத்தனை நாளாகக் கேட்காமல் இருந்த சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வெறி வந்தது. நினைவில் இருந்ததை வைத்து ஒவ்வொரு படியாகத் தேடினேன். ஏறுவது ஒருவழியாக வந்தது. அந்தத் திரும்பும் இடம் மட்டும் வரவே இல்லை. நான் நேராக உச்சிக்கே போய்விடுவேன். போனதும் பாட்டு செத்துவிடும். திரும்ப ஆரம்பிப்பேன், திரும்பவும் உச்சிக்கே போவேன். ஒரு சாயங்காலம் முழுக்க இதே கதை. மிண்டி சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் மறுபடி ஏறினேன். உச்சிக்குப் போக ஒரு படி இருக்கும்போது, பின்னாலிருந்து அவள் பாடினாள்.

சபைப் பாட்டின் ஒரு அடி அது. எங்கள் சபைப் புத்தகத்தில் வார்த்தைகள் மட்டும்தான் இருக்கும், மெட்டு இருக்காது. வார்த்தைகளின் அளவுக்கு எது பொருந்துகிறதோ அந்த மெட்டைப் பழைய பாட்டுகளிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மிண்டி கர்த்தருடைய வார்த்தையை அவள் அம்மாவின் மெட்டில் வைத்துப் பாடினாள். அது ஏறி, உச்சிக்கு ஒரு படி குறைவில் திரும்பி இறங்கியது. அவள் குரல் அங்கே திரும்பும்போது எனக்கு அந்தச் சோளக்கொல்லையில் நின்றது போல மூச்சு நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். "என்னது, இன்னொரு தடவை" என்றேன். அவள் இன்னொரு தடவை பாடினாள்.

அப்புறம் அது தினசரி வழக்கமானது. நான் தப்பாக வாசிப்பேன், அவள் அந்த ஒரு வரியைப் பாடித் திருத்துவாள். வேறெதுவும் பாடமாட்டாள், சரியாக வாசிக்கும் இடங்களில் வாயே திறக்கமாட்டாள். தப்பு வந்தால் மட்டும். பக்கத்தில்கூட வரமாட்டாள், அடுப்படியிலேயே நின்றுகொள்வாள். எனக்கு அது போதவில்லைதான். ஆனாலும் பகல் முழுக்க எப்போது பொழுது சாயும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. டிசம்பரில் ஒரு நாள் பிரதர் ஹார்மன் கோவேறுகழுதையைக் கட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மனுஷனுக்குச் சங்கடம், உட்காரவே தயங்கினார்.

"சிஸ்டர் மிண்டி, மில்லுக்கு வர்றவங்க ஒண்ணு சொல்றாங்க. இந்த வீட்லேருந்து டல்சிமர் சத்தம் வருதாம். சபைல யாராவது எழுந்து கேட்டா நான் பதில் சொல்லியாகணும். அதுக்கு முன்னாடி உன்னையே கேட்டுடலாம்னு வந்தேன்."

என் விளையாட்டு இவளைச் சபையிலிருந்து நீக்குவதில் முடிந்தால் அதற்கப்புறம் இவள் முகத்தில் எப்படி விழிப்பது. மிண்டி பதற்றப்படவில்லை. மர நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"கெல்ஸ், பிரதர் ஹார்மனுக்கு வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். வழக்கத்தைவிட மோசமாக வந்தது. பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"போதும்பா. சிஸ்டர் மிண்டி கல்யாண வீட்ல வாசிச்சு நான் கேட்டிருக்கேன். இது அவ இல்லைன்னு எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன்."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றேன்.

"நீ சபைக்காரனா இருந்தா பதமாச் சொல்லுவேன். இல்லாததால உள்ளதைச் சொல்றேன். என் மில்லு பல்சக்கரத்துக்கு எண்ணெய் விடாம ஓட்டினாக்கூட இதைவிட நல்லா இருக்கும்."

மிண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தானே சொன்னாள், "அவன் தப்பா வாசிக்கறப்ப நான் பாடறேன் பிரதர். சபைப் பாட்டுத்தான்."

ஹார்மன் கொஞ்சம் யோசித்தார். "பாடறதுக்கு என்ன. மெட்டு எங்கேருந்து வந்ததா இருந்தாலும் வார்த்தை கர்த்தரோடது." எழுந்தவர் உடனே போகவில்லை. மேஜைமேல் இருந்த டல்சிமரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு காலத்தில் பிடில் வாசித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஏறிப் போய் எங்கயோ திரும்புமே, அந்தப் பாட்டுதானே இது?" என்று கேட்டார். மிண்டி ஆமாம் என்றாள். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பனி கொட்டித் தீர்த்தது. ஒரு சாயங்காலம் எனக்குக் கட்டு மாற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே மிண்டி சொன்னாள்.

"நான் வாசிக்கறதை விட்டதுல உனக்குக் கோவம்."

"கோவம் இல்லை. எனக்கு அது வேணும். அது இல்லாம நாளு நாளாவே இல்லை."

"எனக்கு மட்டும் கை அரிக்கலைன்னு நெனைக்கறியா? மாவு பிசையறப்ப எல்லாம் விரல் தானா அந்த மெட்டுக்குத்தான் போகுது."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் என் நஷ்டத்தையே அடுக்கிக்கொண்டிருந்ததில் அவளுக்கும் ஒன்று இருக்கும் என்று யோசிக்கவில்லை.

"தண்ணியிலேருந்து எழுந்தப்ப முதல்ல உன்னைத்தான் பாத்தேன்," என்றாள். "போர்வையை விரிச்சுக்கிட்டு நின்னே. அவ்வளவு சந்தோஷத்துலயும் ஒரே ஒரு வருத்தம். நீ கரைல நிக்கறே, நான் தண்ணிக்குள்ள நிக்கறேன். கடைசி நாள்லயும் இப்படியே ஆயிடுமோன்னு."

"நான் வேணா வந்துடறேன் மிண்டி. அடுத்த தடவையே ஹார்மன்கிட்ட கையைக் குடுத்துடறேன்."

"கூப்பிட்டாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "இல்ல. கேக்கவே மாட்டேங்குது. காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன், நெஜமா. கத்திப் பேரம்கூட விட்டுட்டேன்."

"அப்ப வராதே. கூப்பிடாம வந்தா அது பொய்யி. எனக்குப் பொய்யா வேண்டாம்." கட்டின் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். "நான் காத்துக்கிட்டு இருக்கேன். நீயும்தான் காத்துக்கிட்டு இருக்கே. பாப்போம்."

அன்றிலிருந்து என் திட்டம் செத்துப்போனது. இவளைத் தூண்டில் போட்டு இழுக்கும் எண்ணமே அசிங்கமாகப் பட்டது. ஆனால் வாசிப்பதை விடவில்லை. விட்டால் அவள் குரலும் போய்விடும்.

கை படியத் தொடங்கினால் அதைத் தடுக்க முடியாது போலிருக்கிறது. மார்ச்சில் ஒரு நாள், நான் எதையோ யோசித்துக்கொண்டு வாசிக்கிறேன், கை தானாக ஏறியது, உச்சிக்கு ஒரு படி குறைவில் தானாகத் திரும்பியது. முழு மெட்டும் பிசிறில்லாமல் வந்துவிட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. சுவரெல்லாம் ரீங்காரம். மிண்டி முதல் தடவையாக அடுப்படி நிலைப்படி வரை வந்து நின்றாள்.

"அதுதான்," என்றாள். "அப்படித்தான் போகும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தேன். மறுபடி வாசித்தேன், மறுபடி சரியாக வந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மறுநாளும் வாசித்தேன். சரியாகத்தான் வந்தது. அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம், விறகு வெடிக்கும் சத்தம். அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் ஏறினேன், திரும்பினேன், இறங்கினேன். எத்தனையோ மாதமாக நான் ஏங்கிக் கிடந்த அதே மெட்டு, அதே மேஜையில், அதே வீட்டில். எனக்கு அது ஒன்றுமே செய்யவில்லை. காதில் விழுந்ததே தவிர உள்ளே எதுவும் இறங்கவில்லை. பசியோடு உட்கார்ந்தவன் முன்னால் வெறும் தட்டை வைத்தது போல இருந்தது. மிண்டி இல்லாத மெட்டு எனக்கு எதற்கு. இறகைக் கீழே வைத்துவிட்டுச் சீக்கிரமே படுக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி ஏறினேன். திரும்ப வேண்டிய இடம் வந்தது. நான் திரும்பவில்லை. தெரிந்தே உச்சிக்குப் போனேன். பாட்டு செத்தது. இறகை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் போனது. அவள் கண்டுபிடித்துவிட்டாள், கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அப்போது அடுப்படியிலிருந்து அந்த வரி வந்தது. ஏறி, ஒரு படி குறைவில் திரும்பி, இறங்கியது.

முழங்கால் கூடிவந்தது. ஏப்ரலில் மறுபடி சுரங்கத்துக்குப் போனேன், கொஞ்சம் நொண்டிக்கொண்டு. மாதா மாதம் சபை நாளில் மரத்தடியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மிண்டி வெளியே வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையசைப்பேன். சேர்ந்து நடந்து வீட்டுக்கு வருவோம். சாயங்காலம் சாப்பிட்டதும் நான் டல்சிமரை மேஜையில் வைப்பேன், அந்த இடத்தில் தப்புப் பண்ணுவேன், அவள் பாடுவாள். யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்படியே ஓடிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் வழக்கம்போல உச்சிக்குப் போய் நிறுத்தினேன். பதில் வரவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி ஏறி மறுபடி கெடுத்தேன். ஒன்றுமில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. மிண்டி மாவுக்கையோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். டல்சிமரைத் தொடவில்லை, என் தோளைத்தான் தொட்டாள்.

"கெல்ஸ்."

"ம்."

"உனக்கு அந்த எடம் மார்ச்சுலயே வந்துடுச்சு."

என் காது சிவந்துபோனது. இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் நாற்காலி ஒன்றை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முழுகி எழுந்ததற்கப்புறம் டல்சிமர் இருக்கும் மேஜைக்கு அவள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாவுக்கை இரண்டையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"அந்த ஒரு வரியையே பாடிப் பாடி எனக்கு அலுத்துப்போச்சு," என்றாள். "இன்னைக்கு ஆரம்பத்துலேருந்தே தப்பா வாசி. நான் முழுசாப் பாடறேன்."